தறியிற் பிறந்த மோட்டார் வண்டி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஊவாவை நோக்கி வரும் பெருவீதி பெலிஹுல்ஓயாவைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகின்றது. ஹல்துமுல்லையைத் தாண்டிப் பேரகலைச் சந்தியை அடைந்ததும் அது இரு கிளையாகப் பிரிகின்றது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களினூடாகப் பதுளைப் பக்கம் செல்கின்றது; மற்றைய கிளை கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. சமவெளியிலே எல்லா வண்டியும் நல்ல வண்டியே. ஏற்றத்திலே இயந்திரத்தின் வலிமையும், இறக்கத்திலே பிரேக்கின் உறுதியும், வளைவிலே சாரதியின் நிதானமும் சோதிக்கப்படுகின்றன. ஆகவே, ஒரு மோட்டார் வண்டியின் தராதரத்தை அறிய விரும்புவோர்க்கு ஹல்துமுல்லை வீதியைக் காட்டிலும் சிறந்த பரீட்சை மண்டபம் வேண்டுவதில்லை.

இவ்வீதியில் நாள்தோறும் ஏறி இறங்கும் வண்டிகளில் அடிக்கடி கண்ணிற்படும் பெயர்களுள் ஒன்று டொயோட்டா. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன், மரக்கறி ஏற்றிச் செல்லும் சிறிய லொறி, தோட்டத்துத் துரையின் வண்டி, திருமண வீட்டுக்குச் செல்லும் கார் எனப் பலவிடத்தும் அப்பெயரைக் காண்கின்றோம். வண்டி வாங்க எண்ணும் குடும்பங்களிலே, "டொயோட்டாவா? அப்படியானால் பயமில்லை" என்னும் சொல்லும் வழங்குகின்றது. இந்நற்பெயர் எங்ஙனம் வந்தது? அவ்வண்டிகளை வைத்திருப்போர் அவற்றைப் பற்றி யாது கருதுகின்றனர்? "பயமில்லை" என்னும் அச்சொல் எவ்வளவு தூரம் உண்மை? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிற்கத் தெரிந்த தறி

டொயோட்டாவின் வரலாறு மோட்டார் வண்டியில் தொடங்கவில்லை. நெசவுத் தறியில் தொடங்குகின்றது. யப்பானின் சிசுவோக்கா மாகாணத்துச் சிற்றூரொன்றில் 1867ஆம் ஆண்டு ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தவர் சக்கிச்சி டொயோடா. அக்காலத்தில் யப்பானியக் கிராமத்துப் பெண்கள் கைத்தறியில் இராப்பகலாக நெய்து குடும்பத்தைத் தாங்கி வந்தனர். அவர்தம் உழைப்பைக் குறைக்கும் வழியொன்று காணவேண்டுமென்ற எண்ணம் அத்தச்சர் மகனைப் பற்றிக்கொண்டது. 1891இல் மரத்தாலான கைத்தறியொன்றுக்கு அவர் ஆக்கவுரிமை பெற்றார். அதன்பின் நீராவியால் இயங்கும் தறிகளையும் ஆக்கினார்.

தறியிலே நூல் அறுவது இயல்பு. சாதாரண விசைத்தறியில் நூலொன்று அறுந்தாலும் தறி நிற்பதில்லை. குறையுள்ள துணியை நெய்துகொண்டே போகும். அதனால் ஒவ்வொரு தறியின் அருகிலும் ஒருவர் கண்விழித்து நிற்கவேண்டியிருந்தது. சக்கிச்சி டொயோடாவின் தறியோ நூல் அறுந்த கணத்தில் தானே நின்றுவிடும். அறுந்த நூலை முடிந்த பின்னரே அது மீண்டும் ஓடும். ஆகவே ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. பழுதான துணியும் நெய்யப்படவில்லை. இவ்வகையிற் பல்லாண்டு முயன்று அவர் நிறைவு செய்த 'ஜி' வகைத் தானியங்கித் தறி 1924இல் வெளிவந்தது. நம் பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்த ஆண்டும் அதுவே.

1929இல் ஒரு வியத்தகு நிகழ்ச்சி நடந்தது. உலகுக்கெல்லாம் நெசவு இயந்திரம் செய்து விற்று வந்த இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்துப் பிளாட் சகோதரர் கம்பனி, இத்தறியின் ஆக்கவுரிமையை 1,00,000 பவுணுக்கு வாங்க உடன்பட்டது. அக்காலத்தில் நம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் பெல்பாஸ்ட் நகரத்துச் சிரொக்கோ உலர்த்திகள் கப்பலேறி வந்தன. கீழைநாடுகள் இயந்திரங்களை வாங்குவனவாகவே இருந்த காலம் அது. அக்காலத்திலே கீழைநாட்டான் ஒருவனது அறிவை மேலைநாடு விலைகொடுத்துப் பெற்றது. இப்பெருமையைக் கண்ட மறுவருடம், 1930இல், சக்கிச்சி டொயோடா காலமானார்.

மகனின் துணிவு

சக்கிச்சியின் மகன் கீச்சிரோ டொயோடா, தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். அமெரிக்காவின் போர்ட் கம்பனி 1925இலும், ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி 1927இலும் யப்பானில் வண்டிகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியிருந்தன. அவ்விரு பேராலமரங்களின் நிழலில் வேறு செடி முளைக்குமென்று பலரும் நம்பவில்லை. கீச்சிரோ நம்பினார். 1933இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார்ப் பகுதியொன்றைத் தொடங்கினார். 1935இல் முதற் காரின் மாதிரியும் 'ஜி-1' என்னும் லொறியும் உருவாயின; 1936இல் 'ஏ.ஏ.' என்னும் கார் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே 'டொயோடா' என்ற குடும்பப் பெயர் 'டொயோட்டா' என மாற்றப்பட்டது. யப்பானிய எழுத்தில் எழுதுங்கால் புதிய பெயர் எட்டுக் கீறல்களில் முடியும். எட்டு அந்நாட்டில் மங்கல எண். 1937 ஆகஸ்ட் 28இல் டொயோட்டா மோட்டார்க் கம்பனி தனி நிறுவனமாயிற்று.

இன்று உழைப்புக்குப் பெயர்போன டொயோட்டாவின் முதல் லொறிகள் அடிக்கடி வழியில் நின்றன என்பதை நம் மாணவர் பலர் அறியார். பழுது நேர்ந்த இடத்துக்கே கம்பனியார் ஆள் அனுப்பித் திருத்தினர். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்பதைத் தொழிற்சாலைக்கு அறிவித்து அடுத்த லொறியில் அப்பாகத்தை மாற்றினர். விற்பனையைப் பொறுப்பேற்ற சோத்தாரோ காமியா, வண்டி வாங்குவோனின் நலனே முதலாவதென்றும், செய்வோனின் நலன் இறுதியிலேயே வருமென்றும் கொள்கை வகுத்தார். வண்டி உடைந்தமை பற்றிய முறைப்பாட்டை அவர்கள் அவமானமாகக் கொள்ளாது பாடமாகக் கொண்டனர்.

நெருக்கடியும் புதுநெறியும்

இரண்டாம் உலகப் போரின் பின் யப்பான் வறுமையில் ஆழ்ந்தது. வண்டி விற்றும் பணம் வந்து சேராமையால் 1950இல் டொயோட்டா முறிந்துபோகும் நிலையை எய்தியது. வங்கிகள் கடன் கொடுத்தன. ஆனால் ஆட்குறைப்பு வேண்டுமென்றன. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முடிவில் 1,600இற்கு மேற்பட்டோர் வேலையை விட்டு நீங்கினர். எவரையும் விலக்குவதில்லை என்ற தம் எண்ணத்தைக் காக்க முடியாது போன கீச்சிரோ, அதற்குத் தாமே பொறுப்பேற்றுத் தலைமைப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் கொரியப் போர் மூண்டது, அமெரிக்கப் படையினர் லொறிகளுக்குக் கட்டளை கொடுத்தனர், கம்பனி தப்பியது. ஒரு நாட்டின் துன்பம் பிறிதொரு நாட்டின் தொழிலுக்கு உயிர் கொடுத்த இச்செய்தியை வரலாறு மறைப்பதற்கில்லை. கீச்சிரோ மீண்டும் பதவியேற்கு முன்னரே 1952இல், 57ஆம் வயதில், உயிர் நீத்தார்.

இந்நெருக்கடி கற்பித்த பாடத்தை நெறியாக வகுத்தவர் தைச்சி ஓனோ என்னும் பொறியியலாளர். அவர் முதலில் டொயோடா நூற்பாலையிற் பணியாற்றிப் பின்னர் மோட்டார்த் தொழிற்சாலைக்கு வந்தவர். தறியின் பாடத்தை மோட்டார் வண்டிக்குப் பொருத்தினார் எனலாம். அவர் நெறி இரண்டு தூண்களின்மேல் நின்றது.

முதலாவது, வேண்டிய பொருளை, வேண்டிய பொழுதில், வேண்டிய அளவிலேயே செய்தல். அமெரிக்கப் பேரங்காடிகளில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே தட்டுகள் மீண்டும் நிரப்பப்படுவதை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். தேவைக்கு மிஞ்சிச் செய்து குவித்த பொருள் செல்வமன்று. அது கண்ணுக்குத் தெரியாத கடன் என்பது அவர் கருத்து.

இரண்டாவது, பழுது தோன்றிய இடத்திலேயே வேலையை நிறுத்துதல். இதனை யப்பானியர் 'ஜிடோக்கா' என்பர். மற்றைய தொழிற்சாலைகளில் அக்காலத்தில் வண்டிகள் வரிசையாகச் செல்லும் ஓட்டத்தை நிறுத்துவது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. மேலாளர்க்கே அவ்வுரிமை இருந்தது. டொயோட்டாவிலோ, குறை கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், குறை உடனே தீராவிடின் வரிசையே நிற்கும். அறுந்த நூலுடன் தறி ஓடலாகாது என்ற தந்தையின் விதி இங்ஙனம் மகனின் தொழிற்சாலைக்கும் விதியாயிற்று.

தோல்வி தந்த கல்வி

நற்பெயர் ஒரே நாளில் வந்ததன்று. 1957இல் டொயோட்டா தன் 'கிரவுன்' காரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. யப்பானின் கரடுமுரடான வீதிகளுக்கு ஏற்ற அவ்வண்டி, அமெரிக்கப் பெருவீதிகளில் நெடுநேரம் விரைந்தோடும் ஆற்றலற்றுச் சூடேறி வருந்தியது. 1960இன் இறுதியில் கார் ஏற்றுமதியைக் கம்பனி நிறுத்திக்கொண்டது. ஆயினும் முயற்சியைக் கைவிடவில்லை. குறைகளைத் திருத்தி அமைத்த 'கொரோனா' காருடன் 1965இல் மீண்டும் சென்றது. இம்முறை வரவேற்புப் பெற்றது. 1966இல் 'கொரொல்லா' காரும், 1967இல் 'ஹைஏஸ்' வேனும், 1968இல் 'ஹைலக்ஸ்' வண்டியும் பிறந்தன. கொரொல்லா மட்டும் 2021 வரையில் 5 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. கரட்டு நிலத்துக்கென 1951இல் ஆக்கப்பட்ட வண்டி பூஜி மலையின் ஆறாம் நிலையம் வரை ஏறிக் காட்டி, 1954இல் 'லாண்ட் குரூசர்' எனப் பெயர் பெற்றது.

நிற்க. இவ்வளவு ஏற்றங்கண்ட நிறுவனமும் தன் விதியைத் தானே மறந்த காலம் உண்டு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் முடுக்கிமிதி சிக்கிக்கொள்ளல், தரைவிரிப்பு மிதியைத் தடுத்தல் ஆகிய குறைகள் காரணமாக உலகெங்கும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2010 பெப்ரவரி 24இல், கீச்சிரோவின் பேரரான அக்கியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் தோன்றி வருத்தம் தெரிவித்தார். கம்பனி தன் ஆற்றலுக்கு மிஞ்சிய வேகத்தில் வளர்ந்துவிட்டதை அவரே ஒப்புக்கொண்டார். குறையைப் பற்றி மக்களுக்குச் சரியாக அறிவிக்காமையின் பொருட்டு 2014இல் 120 கோடி டொலர் தண்டம் செலுத்தவும் உடன்பட்டது. மீண்டும் 2024 ஜூனில், சில வண்டிகளின் சான்றுப் பரிசோதனைகள் முறைப்படி செய்யப்படவில்லை என்பது வெளிப்பட, அவர் மறுமுறையும் மன்னிப்புக் கேட்டார். 2023இல் தன் குழுமத்தாரோடு சேர்ந்து 1 கோடியே 12 இலட்சம் வண்டிகள் விற்ற நிறுவனம் இது. நற்பெயர் எனப்படுவது சேமித்து வைத்து உண்ணும் பண்டமன்று. நாள்தோறும் உழைத்துப் பெறவேண்டிய கூலியாகும்.

இலங்கைக்கு வந்த வகை

நம் மூத்த பழைய மாணவர்கள் கண்ட மலைநாட்டு வீதிகளில் மொரிஸ் மைனர், ஒஸ்டின், போர்ட் முதலிய ஆங்கிலக் கார்களே ஓடின. தோட்டங்களில் லாண்ட் ரோவர் ஆட்சி செய்தது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. பழைய வண்டிகளையே பொருத்திப் பொருத்தி ஓட்டிய காலம் அது. நம் நாட்டுக் கராஜ் பாஸ்மாரின் கைத்திறன் வளர்ந்த காலமும் அதுவே. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததன் பின்னரே யப்பானிய வண்டிகள் பெருந்தொகையாக வரலாயின. 1995இல் டொயோட்டா லங்கா நிறுவனம் அமைந்தது.

ஆயினும் ஊவாவின் நடுத்தரக் குடும்பங்களுக்கு டொயோட்டாவைக் கொண்டுவந்து சேர்த்தது புதுவண்டிக் கடையன்று. 'ரீகண்டிஷன்' எனப்படும் பழகிய வண்டி வியாபாரமேயாகும். இதற்கு இரண்டு காரணங்கள் உள. யப்பானிலும் நம் நாட்டிலும் வீதியின் இடப்பக்கமே வண்டி ஓடுகின்றது. ஆகவே சுக்கான் மாற்ற வேண்டியதில்லை. மேலும், யப்பானில் தனியார் கார் ஒவ்வொன்றும் முதல் மூன்றாண்டிலும், அதன்பின் இரண்டாண்டுக்கொரு முறையும் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படவேண்டும். அதற்காகும் செலவை நோக்கும் யப்பானியர் பலர், நன்னிலையிலுள்ள வண்டியையே விற்றுவிடுகின்றனர். அவர்கள் செலவுக்கு அஞ்சி விடும் வண்டி நமக்குச் செல்வமாக வந்து சேர்கின்றது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய டொயோட்டாவின் விலை பெரிதும் ஏறியது.

உடையோர் கருத்து

இனி, இவ்வண்டிகளை வைத்திருப்போர் கூறுவன யாவை என நோக்குவோம்.

புகழ்ச்சிகள் மூன்று. முதலாவது, உழைப்பு. நம் நாட்டவர் 'டொல்பின்' எனச் செல்லப்பெயரிட்டழைக்கும் பழைய ஹைஏஸ் வேன், கட்டியவன் முறைப்படி ஒயில் மாற்றிவந்தாற் பல இலட்சம் கிலோமீற்றர் ஓடும் என்பர். இரண்டாவது, பழுது பார்க்கும் எளிமை. பண்டாரவளையிலோ பதுளையிலோ உதிரிப்பாகம் கிடைக்கும். எந்தக் கராஜிலும் அதன் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ் ஒருவர் இருப்பார். மழைக்காலத்தில் மலையிடுக்கில் நிற்கும் வண்டிக்கு இதைவிட வேறு பாதுகாப்பு யாது? மூன்றாவது, மறுவிலை. வண்டியை வாங்குவோர் அதனைப் போக்குவரத்துச் சாதனமாக மட்டுமன்றி, பிள்ளையின் கல்விக்கோ மகளின் திருமணத்துக்கோ விற்கத்தக்க சேமிப்பாகவும் கருதுகின்றனர். அவ்வகையில் டொயோட்டா நகையை ஒத்தது.

குறைகளும் கூறப்படுகின்றன. பெயருக்கே தனி விலை கொடுக்கவேண்டியிருக்கின்றது. அதே பணத்துக்கு வேறு கம்பனியின் புதிதான வண்டியைப் பெறலாம் என்பது ஒன்று. சிறிய இயந்திரம் பூட்டிய 'விட்ஸ்' போன்ற கார்கள் நான்கு பேரையும் பொதியையும் ஏற்றிக்கொண்டு பேரகலை ஏற்றத்தில் மூச்சு வாங்குகின்றன என்பது மற்றொன்று. மின்கலத்தாலும் பெற்றோலாலும் ஓடும் கலப்பு வண்டிகள் எரிபொருளை மிச்சப்படுத்தினும், முதிர்ந்த மின்கலத்தை மாற்றும் நாளில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடுகின்றது என்பது மூன்றாவது. பழகிய வண்டியின் ஓட்டமானியைப் பின்னோக்கித் திருப்பி விற்போரும், பெயரொட்டிய போலி உதிரிப்பாகம் விற்போரும் உளர். இது கம்பனியின் குற்றமன்று. புகழுள்ள இடத்திற் போலியும் இருப்பது உலகியற்கை.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, புகழ்ச்சியே மிகுதி எனலாம். அப்புகழ்ச்சி பொய்யன்று. ஆனால் அப்புகழ்ச்சியிலிருந்தே ஓர் ஆபத்தும் பிறக்கின்றது. "டொயோட்டாதானே, தாங்கும்" என்று அளவுக்கு மிஞ்சி ஏற்றுதல். "டொயோட்டாதானே, ஓடும்" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுதல். செய்தவன் விழிப்பினால் வந்த பெயரை வைத்திருப்பவன் தன் உறக்கத்துக்குத் தலையணையாக்குகின்றான்.

இறக்கத்தின் கணக்கு

மலைவீதியில் இயந்திரம் பழுதானால் வண்டி நிற்கும். அதனால் நேரம் வீணாகும். பிரேக்குப் பழுதானால் வண்டி நிற்காது. அதனால் உயிர் போகும். இதனைப் பௌதிகம் பயிலும் நம் மாணவர் எளிதிற் கணக்கிடலாம்.

ஆட்களோடு 2,500 கிலோகிராம் நிறையுள்ள வேன் ஒன்று 400 மீற்றர் உயரத்தை இறங்குவதாகக் கொள்வோம். நிறையையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் உயரத்தையும் பெருக்க, 98 இலட்சம் யூல் சக்தி வருகின்றது. வண்டி அதே வேகத்தில் அடிவாரத்தை அடையவேண்டுமாயின், இச்சக்தி முழுவதும் எங்கேனும் வெப்பமாக மாறியே தீரவேண்டும். இவ்வளவு வெப்பம் 20 பாகை செல்சியசிலுள்ள ஏறக்குறைய 29 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் சில்லுகளின் உராய்வும் ஒரு பங்கை ஏற்கும். வண்டி தாழ்ந்த கியரில் இறங்கினால் மிகுதியிற் பெரும்பங்கை இயந்திரம் ஏற்கும். மேற்கியரில் இறங்கினாலோ, கியரின்றி நியூட்ரலில் விட்டாலோ, அப்பங்கு பெரும்பாலும் உள்ளங்கையளவு பிரேக்கு லைனர்களின் தலையிலே வந்து விழும்.

அப்பொழுது நிகழ்வது யாது? லைனர் மிகச் சூடேறிப் பிடி தளர்கின்றது. அவ்வெப்பம் பிரேக்கு ஒயிலுக்கும் பரவுகின்றது. பிரேக்கு ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்லமெல்ல உறிஞ்சும் இயல்பினது. 'டொட் 3' வகைப் புதிய ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது நிற்கவேண்டும் என்பது நியமம்; ஈரம் கலந்த பழைய ஒயிலுக்கோ அவ்வெல்லை 140 பாகைதான். ஒயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே சாரதி மிதிக்கும் மிதி தரையைத் தொட்டும் சில்லு நிற்பதில்லை. இவ்விதிக்கு எந்தக் கம்பனியின் வண்டியும் விலக்கன்று. யப்பானிற் செய்ததாயினும் இந்தியாவிற் செய்ததாயினும் வெப்பம் ஒன்றே.

நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சம் என்னும் நம்பிக்கை, 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மேலும் வேரூன்றியது. அது தவறு. இக்கால மின்னியக்க முறையில் எரிபொருள் செலுத்தப்படும் இயந்திரங்களில், கியர் பூட்டியபடியே முடுக்கிமிதியிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எரிபொருள் செல்வது அறவே நின்றுவிடுகின்றது. நியூட்ரலிலோ இயந்திரம் அணையாமலிருக்கச் சிறிது எரிந்துகொண்டே இருக்கும். மிச்சமென்று எண்ணிச் செய்வது நட்டம். அதனோடு ஆபத்தும் சேர்கின்றது. கலப்பு வண்டி வைத்திருப்போரும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். இறக்கத்தில் அவ்வண்டி மின்கலத்தை நிரப்பிக்கொண்டே வேகத்தைத் தணிக்கின்றது. நெடிய இறக்கத்தில் மின்கலம் நிரம்பிவிட்டால் அத்துணை குன்றிவிடும். அதற்கென்றே 'பி' என்னும் நிலை அமைக்கப்பட்டுள்ளது. அதனைப் பயன்படுத்தாதார் பலர்.

2025 செப்டெம்பர் 4ஆம் நாள் இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது எம் நோக்கமன்று. அது எக்கம்பனியின் வண்டி என்பதும் ஈண்டுப் பொருளன்று. நம் மாகாணத்து வீதிகளில் ஒரு தவறின் விலை யாதென்பதை நினைவூட்டவே அதனைக் குறிப்பிட்டோம்.

ஐந்து முறை 'ஏன்?'

பழுதொன்று தோன்றினால் 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்கவேண்டும் என்பது தைச்சி ஓனோவின் கற்பிப்பு. முதல் விடை பழுதின் முகத்தைக் காட்டும்; ஐந்தாம் விடை அதன் வேரைக் காட்டும். இம்முறையைப் பாடசாலை வேன் ஒன்றுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

இறக்கத்தில் பிரேக்கு மிதி தாழ்ந்தது. ஏன்? ஒயில் கொதித்தது. ஏன் கொதித்தது? சாரதி இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே கால் வைத்திருந்தார். ஏன் வைத்திருந்தார்? மேற்கியரில் விரைந்து இறங்கினார். ஏன் விரைந்தார்? மணி அடிக்குமுன் இரண்டாம் முறையும் பிள்ளைகளை ஏற்றிவரவேண்டும். ஏன் இரண்டாம் முறை? பெற்றோர் கொடுக்கும் கட்டணம் ஒருமுறை ஓட்டத்துக்குக் கட்டுபடியாகவில்லை.

முதல் விடையோடு நின்றிருந்தால் ஒயிலை மாற்றிவிட்டு அமைதி அடைந்திருப்போம். ஐந்தாம் விடைக்கு வந்த பின்னரோ, இது வண்டியின் பழுது மட்டுமன்று, நேர அட்டவணையின் பழுதும் கட்டணத்தின் பழுதுமாகும் என்பது புலனாகின்றது. அதனைத் திருத்தவேண்டியவர் கராஜ் பாஸ் அல்லர். வண்டிக்காரரும் பெற்றோரும் பாடசாலையும் கூடியிருந்து பேசவேண்டும். லயத்திலிருந்து இருள் புலருமுன் புறப்படும் பிள்ளைக்கு அவ்வேன் ஒன்றே கல்விக்கு வழி. அவ்வழி பத்திரமானதாக இருத்தல் நம் எல்லோர் கடமையுமாகும்.

முடிவுரை

எனவே நாம் தொடக்கத்திற் கேட்ட வினாக்களுக்கு விடை கூறலாம். டொயோட்டாவின் நற்பெயர் பழுதே வராத இயந்திரத்தால் வந்ததன்று. பழுது வந்தவுடன் நின்று, காரணம் கண்டு, திருத்தியபின் நடந்த நெறியால் வந்தது. அந்நெறி தளர்ந்தபோது அக்கம்பனியே தலைகுனிய நேர்ந்தது. உடையோர் அதனைப் புகழ்வது முறையே. ஆயின் வண்டியை வாங்கும்போது அவர்கள் அந்நெறியையும் சேர்த்து வாங்கினாரல்லர்; அதனைத் தாமே கைக்கொள்ளல் வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பிரேக்கு ஒயிலை இரண்டாண்டுக்கொரு முறை மாற்றுவித்தல். லைனரையும் டயரையும் மழைக்காலத்துக்குமுன் பார்ப்பித்தல். ஏறிய கியரிலேயே இறங்குதல். இருக்கைக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஏற்றாமை. மிதி சற்றே தாழ்ந்தாலும், வழமையற்ற ஓசையொன்று கேட்டாலும், எரிந்த வாடை வந்தாலும் அவ்விடத்திலேயே ஓரமாக நிறுத்துதல். இவையே போதுமானவை. வண்டியை நிறுத்தும் உரிமையைச் சாரதிக்கு உரிமையாளர் மனமார வழங்கவேண்டும். "ஏன் தாமதம்?" என்று கடிந்துகொள்ளும் உரிமையாளரின் சாரதி கயிற்றை இழுக்க அஞ்சுவான்.

நம் கல்லூரி தன் விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், மலைநாட்டின் பல தோட்டங்களிலிருந்து இங்கு வந்து பயின்றோர் மருத்துவராயும், ஆசிரியராயும், பொறியியலாளராயும், வணிகராயும் விளங்குவதைக் கண்டு மகிழ்கின்றோம். கல்லூரிக்கும் ஒரு நற்பெயர் உண்டு. முன்னையோர் ஈட்டிய அப்பெயரைச் சொல்லி நாம் ஓடிக்கொண்டிருக்கலாம். அன்றி, வகுப்பிலே ஒரு பிள்ளை பின்தங்கியவுடன் நின்று 'ஏன்?' என்று கேட்கவும் செய்யலாம். முன்னது எளிது, பின்னதே பெயரைக் காப்பது. அறுந்த நூலை முடிந்த பின்னரே தறி ஓடவேண்டும் என்ற அத்தச்சர் மகனின் பாடம் வண்டிக்கும் பொருந்தும், வகுப்பறைக்கும் பொருந்தும்.